ஒரு கப்பலின் கதை: ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைக்கதையை மறுபடி எழுதுதல்

வாழ்க்கையும் கதையும்

சான்றோர் ஒருவரின் வாழ்க்கையைக் கதையாக எழுதப் புகுவோர் பெரும்பாலும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிக்கின்றனர். மாணவர் கட்டுரைகளில் நாம் காண்பதும், பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் வரலாற்றுத் திரைப்படங்களில் காண்பதும் இதுவே. போற்றத்தக்கவரின் வாழ்வில் எதையும் விட்டுவிடலாகாது என்னும் மதிப்புணர்வு இதற்குக் காரணம். ஆயினும் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பின்னர், கேட்டவர் நெஞ்சில் ஒன்றும் நிலைக்காமற் போவதுண்டு.

இளங்கோவடிகள் கோவலனின் பிள்ளைப் பருவத்தைப் பாடவில்லை. திருமணத்தில் தொடங்கினார், ஒரு சிலம்பை நடுவில் வைத்தார், நூலுக்கும் அதன் பெயரையே இட்டார். இந்தத் தெரிவை வாழ்க்கை வரலாற்றுப் படங்களுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு புகழ்பெற்ற படத்தை எடுத்துக்கொண்டு, அதை எவ்வாறு மறுபடி எழுதலாம் என்று ஆராய்வோம்.

படமும் அதன் பரப்பும்

பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961இல் வெளிவந்தது. ம. பொ. சிவஞானம் எழுதிய நூலை அது அடிப்படையாகக் கொண்டது. வ. உ. சிதம்பரம் பிள்ளையாகச் சிவாஜி கணேசனும், பாரதியாராக எஸ். வி. சுப்பையாவும், சுப்பிரமணிய சிவாவாக டி. கே. சண்முகமும் நடித்தனர். ஜி. இராமநாதன் இசையில் பாரதியாரின் பாடல்கள் ஒலித்தன. தேசிய அளவில் அது பாராட்டும் பெற்றது. வசூலிலோ ஏமாற்றம் அளித்தது. இதே இயக்குநரும் இதே நாயகரும் 1959இல் தந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பெருவெற்றி பெற்றதை நினைக்கும்போது இந்த ஏமாற்றம் மேலும் வியப்பளிக்கிறது.

ஒரு படத்தின் வசூலைப் பல காரணங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றை நாம் அளக்கப் போவதில்லை. கதையமைப்பை மட்டும் ஒப்பிடுவோம். கட்டபொம்மன் படம் ஒரே வினாவின்மேல் நிற்கிறது: வரி கொடுப்பதா, மறுப்பதா? அங்கும் வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள் காதல் உண்டு. ஆனால் அவர்களைப் பிரிப்பதும் அதே போர்தான். எனவே காதல் கதையை விட்டு விலகுவதில்லை.

‘கப்பலோட்டிய தமிழ’னில் வழக்கறிஞர் பணி, கப்பல் நிறுவனம், ஆலைத் தொழிலாளர் போராட்டம், வழக்கு, சிறை, செக்கு, விடுதலைக்குப் பிந்திய வறுமை ஆகிய யாவும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றினூடே ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த மாடசாமி, கண்ணம்மா காதலும் ஓடுகிறது. ஒவ்வொரு காட்சியும் உருக்கமானதே. ஆயினும் தலைப்பில் இருக்கும் கப்பல், கதையில் பல நிகழ்ச்சிகளுள் ஒன்றாகிவிடுகிறது. நாம் மறுபடி எழுதினால், கப்பலை அதன் இடத்தில் மீண்டும் நிறுத்த வேண்டும்.

இத்தகைய சுருக்கம் பிற நாட்டுப் படங்களிலும் நிகழ்ந்துள்ளது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘லிங்கன்’ (2012) படத்துக்காக டோனி குஷ்னர் முதலில் எழுதிய வரைவு ஏறத்தாழ 500 பக்கங்களுக்கு நீண்டிருந்தது. இறுதியில் அவர்கள் லிங்கனின் கடைசி மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டனர். அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறுமா என்னும் ஒரே கேள்வியில் அம்மனிதரின் இயல்பு முழுவதும் வெளிப்பட்டது.

முதல்: நிலமும் பொழுதும்

நம் இலக்கணம் அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என்னும் மூன்றை வகுத்துள்ளது. திரைக்கதைக்காக வகுக்கப்பட்டவை அல்ல எனினும், இவற்றைக் கடனாகப் பெற்றுக்கொள்வது நமக்குப் பயன் தரும்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நம் கதைக்குரிய நிலம் தூத்துக்குடித் துறைமுகம். பொழுது 1906 முதல் 1911 வரையிலான ஐந்தாண்டுகள். வ. உ. சி. 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். 1936இல் தூத்துக்குடியில் மறைந்தார். அறுபத்து நான்கு ஆண்டு வாழ்விலிருந்து ஐந்தை மட்டும் எடுப்பது அவரைக் குறைப்பதாகாது. விளக்கை ஓரிடத்தில் நிறுத்தினால்தான் அவ்விடம் நன்கு தெரியும்.

எங்கே தொடங்குவது? சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். தொடக்கத்தில் நிறுவனத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்களும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் நெருக்குதலால் கைவிட்டுப் போயின. பங்குகள் விற்றாயிற்று, அலுவலகம் திறந்தாயிற்று, கப்பல் மட்டும் இல்லை. இந்த இக்கட்டே நம் முதற்காட்சி. தொட்டிலைக் காட்டாமலே பார்ப்பவரை நாயகரின் கவலைக்குள் இழுத்துவிடும் தொடக்கம் இது.

கரு: கப்பல்

அங்கிருந்து வ. உ. சி. பம்பாய் செல்கிறார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் நிறுவனத்துக்குக் கிடைக்கின்றன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அவை ஓடத் தொடங்கியதும் கட்டணப் போட்டி மூள்கிறது. ஆங்கில நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. பின்னர் ஆங்கில நிறுவனம் இலவசப் பயணத்தோடு குடையும் தர முன்வந்தது என்று வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

எழுதுவோர்க்கு இந்தக் குடை பெரும் பேறு. ஓர் ஏழைப் பயணி துறைமுகத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் காசில்லாத பயணமும் புதுக் குடையும். மறுபக்கம் எட்டணாவும் தன்மானமும். அவர் எந்தக் கப்பலில் ஏறுவார்? சுதேசியம் என்னும் கருத்தை நீண்ட மேடைப்பேச்சால் விளக்குவதைக் காட்டிலும் இந்த ஒரு காட்சி தெளிவாக விளக்கிவிடும். மாணவர்கள் எழுதும்போது, கருத்தைச் சுமந்து நிற்கும் இத்தகைய பொருள் ஒன்றைத் தேடப் பழக வேண்டும்.

உரி: கதையின் உள்ளுணர்வு

உரிப்பொருளே கதையின் உயிர். இக்கதையின் உயிரை ஒரு வினாவாக எழுதலாம்: கப்பல் வணிகப் பொருளா, விடுதலைப் படைக்கலமா? பங்குதாரர்க்கு அது முதலீடு. வ. உ. சி.க்கு அது நாட்டின் மானம். தலைவரின் அரசியல் நிறுவனத்துக்குக் கேடு விளைக்குமோ என்று அஞ்சியோரும் இருந்தனர். அவர்களைக் கோழைகளாகக் காட்டுவது எளிது. ஆனால் அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் உண்டு என்று காட்டும்போதுதான் நாயகரின் முடிவுக்கு எடை கூடும்.

1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ. உ. சி. ஆதரித்தார். இந்த வினாவோடு இணைத்துப் பார்த்தால் அது தனிக் கிளைக்கதையாகாது. ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றால் கப்பல் நிறுவனத்தின்மேல் அரசின் சினம் பாயும் என்று அறிந்தும் அவர் நின்றார். மார்ச் 12 அன்று கைதானார். அவ்வாண்டு ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் நாற்பது ஆண்டுகள், விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 இறுதியில் விடுதலையானார். அதற்கு முன்பே, 1911இல், நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பல்களும் கைமாறிப் போயின.

தொல்காப்பிய மரபில் கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல். அதற்குரிய உரிப்பொருள் இரங்கல். நம் கதையும் கடற்கரையில் தொடங்கி இரக்கத்தில் முடிகிறது. சிறைச் சுவர்களுக்குள் இருப்பவர் தம் கப்பல் இனி இல்லை என்று அறியும் இடத்தில் நாம் நிறுத்துவோம். முதற்காட்சியில் இருந்த ‘கப்பல் இல்லை’ என்னும் நிலை மீண்டும் வருகிறது. அப்போது அது தொழில் இக்கட்டு; இப்போது ஒரு நாட்டின் இழப்பு.

விடுவனவும் காப்பனவும்

காதல் கிளைக்கதையை நாம் விட்டுவிடுவோம். அதன் இடத்தை மனைவி மீனாட்சி அம்மாளுக்குத் தருவோம். கப்பலுக்காக ஒரு குடும்பம் கொடுத்த விலையை அவர் வழியே காட்டலாம். 1911இல் மணியாச்சியில் ஆஷ் துரை கொல்லப்பட்ட நிகழ்ச்சியையும் முழுக்காட்சியாக்க வேண்டியதில்லை. அது வாஞ்சிநாதனின் கதை. உள்ளே விட்டால் நம் கதையை விழுங்கிவிடும்.

விட்டவை வீணாவதில்லை. விடுதலைக்குப் பின் தமக்காகத் தென்னாப்பிரிக்க இந்தியர் திரட்டிய நிதி குறித்து வ. உ. சி. காந்தியடிகளோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து தனி நூலாகவே எழுதியுள்ளார். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பிக்க உழைத்த அறிஞர் வ. உ. சி. இன்னொரு கதைக்கு உரியவர்.

மெய்ம்மையின் எல்லை

சுருக்குவது வேறு, திரிப்பது வேறு. சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் போன செய்தி வருவதாக எழுதினால் காட்சி உருக்கமாக அமையும். ஆனால் அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில். நிறுவனம் கலைந்த 1911இல் அவர் கண்ணனூர்ச் சிறையில் இருந்தார். இவ்விரண்டையும் ஒட்டவைக்க நமக்கு உரிமையில்லை. உரையாடலைக் கற்பனை செய்யலாம். ஆண்டையும் இடத்தையும் தீர்ப்பையும் மாற்றலாகாது. வகுப்பில் எழுதும் சிறு நாடகத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

நம் மண்ணில் இப்பயிற்சி

இக்கதை பினாங்குத் தமிழருக்கு அயலார் கதையன்று. வ. உ. சி. எதிர்த்து நின்ற அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல்களே சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் முன்னோர் பலரைப் பினாங்குத் துறைமுகத்தில் இறக்கின. மூத்தோர் இன்றும் நினைவுகூரும் ‘ரஜூலா’ அந்நிறுவனம் 1926இல் கட்டிய கப்பல். பைராம் தோட்டத்திலும் அதைப் போன்ற பிற தோட்டங்களிலும் வேரூன்றிய குடும்பங்களின் கதைகள் அத்தகைய கப்பல்களின் மேல்தளத்தில் தொடங்கியவை.

ஆகவே ஆசிரியர்கள் மாணவர்களிடம் “உன் பாட்டியின் வாழ்க்கை வரலாற்றை எழுது” என்று கூறுவதற்கு மாறாக, “உன் பாட்டியின் தகரப் பெட்டியைப் பற்றி எழுது” என்று கூறிப் பார்க்கலாம். பெட்டி எந்த ஆண்டு எந்தத் துறையில் இறங்கியது, அதற்குள் என்ன இருந்தது, எது தொலைந்தது என்று கேட்கச் சொல்லலாம். விடியலில் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களமும், பால்மரம் சீவிய கத்தியும் இவ்வாறே கதைக்குக் கருவாகும். ஐந்தாண்டுகளைத் தெரிந்தெடுத்து, ஒரு வினாவை முன்வைத்து, மெய்யானவற்றை மாற்றாமல் எழுதட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்து வருகின்ற இக்காலத்தில், சொல்ல வல்ல மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்கிவிட வேண்டும்.