வண்டி மூடிய துணி

பாரம் ஏற்றிய வண்டி வழியில் நனைந்தால் விளைவித்தவரின் உழைப்பு வீணாகிறது. அதைக் காக்கும் துணியோ நெசவாளரின் உழைப்பில் உருவாவது. ஆகவே, நம் அங்கத்தினர்களுள் இரு சாராருக்கும் உரிய ஒரு வரலாற்றை இங்கே ஆராய்வோம். அமெரிக்காவில் பிக்கப் என வழங்கும் சிறு சரக்கு மோட்டாரின் மூடி வளர்ந்த கதையே அது.

மோட்டார் தோன்றுமுன்பே மூடி தோன்றிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் கானெஸ்டோகா பகுதியில் செய்யப்பட்ட பெரும் பாரவண்டிகளில், வளைத்த மரச் சட்டங்களின்மேல் கித்தானைப் போர்த்தினர். மழை இறங்காதிருக்க ஆளிவிதை எண்ணெயைத் தடவுவதும் உண்டு. கப்பலோட்டிகள் அவ்விடத்தில் தாரைப் பூசினர். நாம் 'தார்ப்பாய்' என்று சொல்லும்போது அந்தத் தாரையே நினைவுகூர்கிறோம்.

1925-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனியார் தம் 'மாடல் டி' காரின் பின்புறம் சரக்குத் தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றனர். தொட்டி மேலே திறந்தே இருந்தது. அதற்கேற்ற மூடிக்கு 'டன்னோ' என்னும் பெயர் பின்னர் வழங்கலாயிற்று. பிரெஞ்சு மொழியில் பீப்பாய் என்று பொருள்படும் இச்சொல், பழைய திறந்த கார்களின் பின்னிருக்கைப் பகுதியைக் குறித்தது. அவ்விருக்கைகளை மூடிய துணியின் பெயரே பிக்கப்பின் மூடிக்கும் வந்தது.

பருத்திக் கித்தானின் சிறப்பு அதன் நெசவில் உள்ளது. முறுக்கேற்றிய நூலைப் பாவிலும் ஊடையிலும் நெருக்கி நெய்தால், நனைந்தவுடன் நூல் பருத்து இடைவெளிகள் அடைபடும். உலர்ந்தபின் காற்று புகும். ஆனால் நனைந்த கித்தான் கனக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும்.

இக்குறைகளே பருத்திக்குப் போட்டியை வளர்த்தன. 1926-இல் வால்டோ செமன் என்னும் அமெரிக்க இரசாயன நிபுணர் வினைல் பிளாஸ்டிக்கை இளக்கி வளையச் செய்தார். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். பாலியெஸ்டர் துணியின்மேல் வினைல் பூசிய மூடி நீரை விடாது, இற்றும் போகாது. ஆயினும் குளிரில் அது சுருங்க, பிரஸ் பட்டன்கள் எட்டாமற் போயின. அதனால் ஓரங்களில் ஒட்டுப்பட்டியும் அலுமினியச் சட்டமும் வந்தன. துணியைக் கத்தியால் கிழித்துத் திருடுவோருக்கு அஞ்சியவர்கள், பூட்டக்கூடிய ஃபைபர்கிளாஸ், அலுமினிய மூடிகளை நாடினர்.

இவ்வரலாற்றில் நாம் கொள்ளவேண்டியவை இரண்டு. வினைல் மூடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தாங்கி நிற்பது பாவும் ஊடையுமே. இழையும் பூச்சும் மாறின, நெசவு நிலைத்தது. நெய்யும் துணி எப்பணிக்குச் செல்கிறது என்பதை அறிந்து நெய்பவருக்கே சந்தை நிலைக்கும்.

மற்றொன்று விவசாய அன்பர்களுக்கு. காற்றுப் புகாத உறையால் ஈரத் தானியத்தை நெடுநேரம் மூடினால், உள்ளேயே வியர்த்துக் கெடும். மழை நின்றதும் படுதாவை நீக்கிக் காற்றாட விடுங்கள். மழையினின்று காத்த பொருளை மூடியினாலேயே இழத்தல் தகாது.