பிரித்துப் பூட்டிய ஆயில் இஞ்சினில் நீர்க்கசிவு

திருப்புட்குழியைச் சுற்றியுள்ள கழனிகளில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்தே நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டு முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட்டு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. ஆயினும் மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், கால்வாயிலிருந்து நீர் இறைப்போரும் இன்றும் ஆயில் இஞ்சினை நம்பியிருக்கின்றனர். பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த இஞ்சினையும், வெள்ளத்தில் மூழ்கிய இஞ்சினையும் பிரித்துப் புது உறுப்புகளிட்டுப் பூட்டுவது வழக்கம். அவ்வாறு பூட்டிய பின் தோன்றும் நீர்க்கசிவைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம்.

நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லுவோம். நெல் கதிர் வாங்கும் தருணத்தில் ஒரு விவசாயி தம் இஞ்சினைப் பழுது பார்த்துக் கொண்டுவந்தார். வெளியே ஒரு சொட்டும் கசியவில்லை. இரண்டாம் நாள் எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்த்தார். எண்ணெய் குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது. பழைய இஞ்சின் எண்ணெய் குடித்ததை நினைத்து அவர் மகிழ்ந்தார். மூன்றாம் நாள் பேரிங் தேய்ந்து இஞ்சின் நின்றுவிட்டது. கூடியிருந்தது எண்ணெய் அன்று, தண்ணீர். திருப்புட்குழித் தலத்தில் வறுத்த பயறும் முளைக்கும் என்பது ஐதிகம். கதிர் வாங்கும் நெல்லுக்குத் தண்ணீர் தப்பினால் அதை மீட்க வழியில்லை.

இவ்வகை இஞ்சின்களில் பம்பின் டெலிவரிக் குழாயிலிருந்து ஒரு சிறு குழாய் வழியே தண்ணீர் வந்து, சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றிக் குளிர்வித்து வெளியேறுகிறது. தண்ணீர் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதால், உள்ளே எவ்வளவு கசிந்தாலும் குறைவு தெரியாது. ஆகையால்தான் கண்ணுக்குத் தெரியும் கசிவைவிடத் தெரியாத கசிவே அபாயமானது என்கிறோம்.

எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் லைனரின் அடிப்பகுதியில் உள்ள ரப்பர் வளையங்கள். லைனரை இறக்கும்போது வளையம் முறுக்கிக்கொண்டாலும், கூரான விளிம்பில் அறுபட்டாலும், வளையம் அமரும் பள்ளத்தில் பழைய துரு இருந்தாலும் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். வளையத்திற்குச் சோப்புத் தண்ணீர் தடவி, லைனரை நேராக அழுத்தி இறக்க வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கலாகாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஹெட்டைப் பூட்டிய பின், எண்ணெய் ஊற்றுவதற்கு முன், பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்நீர் வெளியேறும் வழியை அடைத்து, 2 மீட்டர் உயரத்தில் வைத்த பீப்பாயிலிருந்து ரப்பர்க் குழாய் மூலம் இஞ்சினுக்குள் நீர் நிரப்பி, உள்ளிருக்கும் காற்றையும் வெளியேற்றி, இரவு முழுதும் விட்டுவிட வேண்டும். லைனரின் அடியில் காய்ந்த காகிதம் ஒன்றைப் பரப்பி வைத்தால் காலையில் அது உண்மையைச் சொல்லும். பட்டறைக்காரர் நேரமில்லை என்பார். மறுபடி பிரிப்பதற்கு ஆகும் நேரத்தை அவருக்கு நினைவூட்டலாம்.

ஓடத் தொடங்கிய இஞ்சினிலும் சோதனை செய்யலாம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. இரவில் அடியில் தங்கும். காலையில் இஞ்சினை ஓட்டுமுன் அடித்திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் ஐயமே வேண்டாம். கொஞ்சம் ஐயமாக இருந்தால், அந்த எண்ணெயில் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விடலாம். நீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும். எந்த அறிகுறி கண்டாலும் அன்றைய இறைப்பை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று எண்ணலாகாது.

கடற்கரையில் படகில் பூட்டும் வெளிப்புற மோட்டாரிலும் இதே கதைதான். தூண்டில் நரம்பு தண்டில் சுற்றிச் சீலை அறுத்துவிட்டால், அதன் பல்சக்கர எண்ணெயும் இவ்வாறே வெளுத்துவிடும்.

ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே வெளியில் கசிந்தால், நட்டுகளை இன்னும் இறுக்குவதே பரிகாரம் என்று பலர் எண்ணுகின்றனர். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட்டிருந்தாலோ, ஹெட்டின் முகம் வளைந்திருந்தாலோ எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, ஸ்டட்டுதான் அறும். எஃகு அளவுகோலை முகத்தின்மேல் குறுக்காக வைத்து, அடியில் 0.10 மில்லிமீட்டர் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் முகத்தைக் கடைசலில் சீர்செய்ய வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணைகளில், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்குவது முறை.

கேஸ்கட் உட்புறமாக விட்டுவிட்டால், வெளியேறும் குளிர்நீரில் குமிழிகள் தொடர்ந்து வரும். குழாயின் முனையை வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். குழாயில் இருந்த காற்று வெளியேறிய பிறகும் குமிழிகள் நிற்காவிட்டால் எரிந்த வாயு கலக்கிறது என்பது தெளிவு. இரவில் சிலிண்டருக்குள் நீர் தேங்கியிருக்கவும் கூடும். நீர் சுருங்காத பொருள். அந்நிலையில் வேகமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே டீகம்ப்ரஷன் நெம்பைத் தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்த பிறகே இஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

பம்பின் கிளாண்டில் சொட்டும் நீரைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. கயிற்றுப் பேக்கிங் உள்ள பம்பில் நிமிடத்திற்கு 40 முதல் 60 சொட்டு விழுவது நல்லது. அதுவே தண்டைக் குளிர்விக்கிறது. சொட்டு அறவே நிற்கும்படி இறுக்கியவர்கள் தண்டைத் தேய்த்துக்கொண்டவர்களே. சக்ஷன் குழாயிலோ ஓட்டை இருந்தால் நீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இஞ்சினை நிறுத்திக் குழாய் முழுதும் நீர் நிரப்பினால், ஓட்டையுள்ள இணைப்பில் சொட்டு காணும்.

பஞ்சாயத்துக்குச் சொந்தமான இஞ்சினைப் பழுதுக்கு விடும்போது, மேற்கூறிய பீப்பாய்ச் சோதனையை உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் செய்ய வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதிவிடலாம். காகிதம் நனையவில்லை என்று அவர் கையெழுத்திட்ட பிறகு பில்லை நிறைவேற்றுவது உசிதம்.