சுருவில் கிணற்றில் இரண்டு கோடி ஆண்டுகள்

சுருவில், வேலணைத் தீவில் ஊர்காவற்றுறைப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூர். என் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தியின் தாய்வீடு அங்கே இருக்கிறது. விடுமுறையில் நான் புத்தளத்திலிருந்து போய்ச் சேர்ந்த அன்று, வளவுக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். கிணற்றின் மேற்பகுதியில் நாலைந்து அடிக்குக் கட்டு. அதற்குக் கீழே கட்டு இல்லை. வெட்டிய பாறையே சுவர். உள்ளே இறங்கி நின்ற பெரியவர் சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு கல்லை வாளியில் போட்டு மேலே அனுப்பினார்.

"பாருங்கோ ரீச்சர், சிப்பி. உது முழுக்க ஒரு காலத்தில கடல்தான்" என்றார்.

கல் வெள்ளையாக, எங்கும் சிறு ஓட்டைகளோடு இருந்தது. ஒரு பக்கத்தில் சிப்பியின் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. பெரியவர் புவிச்சரிதவியல் படித்தவர் அல்லர். ஆனாலும் அவர் சொன்னது சரி. அது எந்தக் காலம், அதை எப்படி அறிவது என்பவைதான் நமக்கு மிஞ்சும் கேள்விகள்.

முதலில் அது என்ன கல் என்று பார்ப்போம். அடுக்களைக்குப் போய் ஒரு தேசிக்காயை வெட்டி, அந்தக் கல்லின் மீது இரண்டு சொட்டுப் பிழிந்தோம். சிறு குமிழிகள் கிளம்பின. கல்சியம் காபனேற்றில் அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறும். பத்தாம் வகுப்பு மாணவியர் இதை அறிவர். அதே புளியை அம்மியில் பிழிந்தால் ஒன்றும் நடவாது. தோழியின் தாயார் சிரித்தார்: "அம்மி இந்த ஊர்க் கல்லில்லைப் பிள்ளை."

உண்மைதான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் நிலத்துக்கு மேலே கருங்கல் கிடையாது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கடல் கடந்தோ வன்னிப் பக்கத்திலிருந்தோ வந்தவை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. அவற்றுட் பல, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுக்கத்தாலும் உருமாறியவை. வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும் மட்டும் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அந்தப் பழைய பாறைகளை மூடியிருக்கிறது. ஆகவே அந்த அடுக்களையில் இரண்டு வேறு உலகங்களின் கற்கள் இருந்தன: ஒன்று அம்மி, மற்றது வெற்றிலைத் தட்டில் இருந்த சுண்ணாம்பு.

அடையற்பாறைகளைப் படிக்கும் முதல் விதி மிக எளியது. வகுப்பில் கொப்பிகளை மேசையில் அடுக்கச் சொன்னால், முதலில் தந்தவளின் கொப்பி அடியிற் கிடக்கும். கடைசியாக ஓடி வந்தவளின் கொப்பி மேலே இருக்கும். யாரும் குலைக்காதவரை அந்த வரிசை பொய் சொல்லாது. நிலத்தின் படைகளும் அப்படித்தான். கிணற்றில் இறங்குகிறவர் காலத்தில் பின்னோக்கி இறங்குகிறார். 1669இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருந்த ஸ்டெனோ என்ற டென்மார்க் அறிஞர் இந்த விதியை எழுதிவைத்தார் என்று பாடநூல்கள் கூறும்.

ஆனால் அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மவர் இருவர் இந்த வழியில் வெகுதூரம் நடந்திருக்கிறார்கள் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இப்னு சீனா தமது ‘கிதாபுஷ் ஷிபா’வில், மலைகள் எழுவதையும் நீரும் காற்றும் அவற்றை அரிப்பதையும் விளக்கினார். கற்களுக்குள் நீர்வாழ் உயிர்களின் எச்சங்கள் இருப்பதால் அந்நிலம் ஒருகாலத்தில் கடலடியில் இருந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். சுருவில் பெரியவர் சொன்னது அதையேதான். அல்பிரூனி இந்தியாவுக்கு வந்து பார்த்தவர். மலையடிவாரத்தில் ஆறு வேகமாக ஓடும் இடத்தில் கற்கள் பெரியவை. தூரம் போகப் போகச் சிறியவை. ஆறு தளர்ந்து கடலை நெருங்கும் இடத்தில் வெறும் மணல். இதைக் கண்ட அவர், வட இந்தியச் சமவெளி முழுவதும் ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் நிரம்பியது என்று முடிவு கட்டினார். அங்கே முன்பு கடல் இருந்தது என்ற அவரது எண்ணத்தை இன்றைய அறிஞர் திருத்தக்கூடும். வண்டல் பற்றிய முடிவு இன்றும் நிற்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் குறுணிக் கல், மணல், களிமண், நீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மறுநாள் காலையில் எது அடியில், எது மேலே என்று பாருங்கள்.

இத்தனை கோடி ஆண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்வது சரிதானா என்று சில தாய்மார் என்னிடம் கேட்டதுண்டு. அல்குர்ஆன் பூமியின் வயதை ஆண்டுக் கணக்கில் எங்கும் சொல்லவில்லை. மலைகளையும் பூமியையும் பார்த்துச் சிந்திக்கும்படி அல்காஷியா அத்தியாயத்தில் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தவர்கள்தாம் மேலே சொன்ன இருவரும்.

சரி, வயதை எப்படி அறிகிறார்கள்? கல்லுக்குள் இருக்கும் உயிர்ச்சுவடுகள் வழியாக. நம் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி, முருகைக்கல் ஆகியவற்றோடு போராமினிபெரா என்னும் நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகளும் உண்டு. அவற்றுள் ஓர் இனத்துக்கு ‘மலபாரிக்கா’ என்று பெயர். கேரளத்தின் கொல்லம் பகுதிக் கல்லில் முதலில் இனங்காணப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. அது உலகில் வாழ்ந்த காலம் சிறிது. எனவே அது எந்தக் கல்லில் இருந்தாலும் அந்தக் கல் அந்தக் காலத்துக்குரியது. வேறு நாடுகளில் இத்தகைய படைகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கும். அதிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களை அளந்து ஆண்டைக் கணிப்பார்கள். இப்படித்தான் யாழ்ப்பாணக் கல் மயோசீன் காலத்தது, ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழைமையானது என்று தெரிந்தது. வேலண்ட், டேவிஸ் என்ற இருவர் 1923இல் இலங்கையின் மயோசீன் படைகளைப் பற்றி விரிவாக எழுதினர். தென்கோடியில், யால காட்டுக் கரையிலுள்ள மினிஹாகல்கந்தையிலும் இக்காலத்துப் படைகள் உண்டு.

இனி, அந்தக் கிணற்றில் எனக்கு மிக வியப்பாக இருந்ததைச் சொல்கிறேன். கட்டு கொஞ்சம் இடிந்திருந்த இடத்தில் மேற்படை தெரிந்தது: மண், அதன் கீழே சிப்பித்தூள் கலந்த மணல். இது அண்மைக்காலக் கடல் விட்டுப்போனது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்படாது. அதற்கு நேர் கீழே வெள்ளைப் பாறை, 2 கோடி ஆண்டு. இரண்டுக்கும் நடுவே விரல் அகலக் கோடு ஒன்றுதான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பக்கங்கள் அங்கே இல்லை.

அந்தக் காலம் எங்கே போனது? கடல் பின்வாங்கிப் பாறை வெளியே நின்றிருக்கிறது. படிய ஒன்றும் இல்லை. மாறாக, மழை பெய்தது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, நாம் தேசிக்காய்ப் புளியால் செய்ததை மிக மெதுவாகச் செய்தது. வெடிப்புகள் அகன்றன, ஓட்டைகள் குகைகளாயின. கடல்மட்டம் பலமுறை ஏறி இறங்கியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் பனிக்கட்டிக் காலத்தில் அது இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணை அன்று உலர்ந்த நிலம். சுருவில் ஒரு தீவே அல்ல. அங்கிருந்து இராமேஸ்வரம் வரை கால் நனையாமல் நடந்திருக்கலாம். புத்தூர் நிலாவரைக் கிணறு, இவ்வாறு நீர் கரைத்த குகையின் கூரை இடிந்து விழுந்ததால் தோன்றியதே.

ஆக, காணாமற்போன அந்தப் பக்கங்கள்தாம் பாறையில் ஓட்டைகளைத் தந்தன. அந்த ஓட்டைகளில்தான் தீவு மக்களின் குடிநீர் நிற்கிறது. ஆறு இல்லாத ஊருக்கு அதுதான் ஆறு.

அந்த நீர் எப்படி நிற்கிறது என்பதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். தீவின் அடியில் நாற்புறமிருந்தும் கடல்நீர் பாறைக்குள் புகுந்திருக்கிறது. மழைநீர் அதனிலும் இலேசானது. ஆகவே அதன்மேல் மிதக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு இறைத்து மேலே ஓரடி குறைந்துவிட்டால், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவரப் பார்க்கும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு திருந்தப் பல மாரிகள் வேண்டும். துலாவாலும் வாளியாலும் அள்ளிய காலத்தில் இந்தச் சமநிலை தானாகவே காக்கப்பட்டது. இன்று கிணறு இருந்தும் பவுசரில் தண்ணீர் வாங்கும் வீடுகள் தீவுகளில் உண்டு. இன்னொன்று: மணல்நிலம் நீரை வடிகட்டும், ஓட்டைக் கல் வடிகட்டாது. மலசலகூடக் குழியையும் தோட்டத்து உரத்தையும் கிணற்றுக்கு அருகில் வைத்தால் அது நேரே கிணற்றுக்கு வரும். கல்லின் வரலாறு தெரியாதவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள்.

இந்தக் கல் வடக்கோடு நின்றுவிடவில்லை. மன்னார்க் கரை வழியாக வந்து, புத்தளத்துக்கு வடக்கே அருவாக்காட்டில் மீண்டும் வெளியே தலைகாட்டுகிறது. அங்கே வெட்டும் கல்தான் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலில் வருகிறது. கொழும்புக் குப்பையை அங்கே கொண்டுவரப் போகிறார்கள் என்றபோது நம் ஊரார் ஏன் அவ்வளவு பதறினார்கள் என்பது மேலே சொன்னதை வாசித்தவருக்கு விளங்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் கிணற்றையும் வளவையும் விட்டு இங்கே வந்து, முதலில் தேடியதும் நல்ல தண்ணீரைத்தான். பலருக்கு இங்கும் உவர்தான் கிடைத்தது. காலுக்குக் கீழே இருந்ததோ அதே காலத்துக் கல்லின் தொடர்ச்சி.

மூன்றாம் நாள் நான் புறப்படும்போது கிணற்றில் தண்ணீர் பழையபடி ஊறியிருந்தது. தோழி ஒரு செம்பு அள்ளித் தந்தாள். சற்றே உவர்ப்பு, குடிக்கலாம். பெரியவர் எடுத்துத் தந்த கல்லை நான் கொண்டுவந்துவிட்டேன். அது இப்போது நம் விஞ்ஞான கூடத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அருவாக்காட்டிலிருந்து கொண்டுவந்த கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர்ச்சீட்டு ஒட்டாவிட்டால் எது எதுவென்று எனக்கே தெரியாது.