யூரியா குறைவாகக் கேட்கும் நெல்: வரவு எங்கே?

"பாதி யூரியா போட்டாலே போதும், மகசூல் குறையாது" என்று ஒரு நெல் வந்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். அப்படி ஒரு மரபணு மாற்று நெல் பல வருஷமாக ஆய்வில் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் குட் என்பவரின் குழு, பார்லியின் ஒரு மரபணுவை நெல்லில் புகுத்தி 2008-இல் முடிவை வெளியிட்டது. அலனின் அமினோ டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதியை அந்த மரபணு வேரில் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. பயிர் தழைச்சத்தை அதிகமாக இழுக்கிறது, மணியும் கூடுகிறது. இந்த நுட்பத்தை வளர்த்தெடுத்தது கலிஃபோர்னியாவின் ஆர்கேடியா பயோசயின்சஸ் கம்பெனி. உகாண்டாவிலும் கானாவிலும் வயல் சோதனைகள் நடந்தன.

அவர்கள் சொல்லும் பிரச்சினை உண்மைதான். நம் வேளாண் பல்கலைக்கழகம் மத்திய, நீண்டகால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கிறது. ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவில் 46 சதவீதமே தழைச்சத்து என்பதால் 130 கிலோ, அதாவது ஏறக்குறைய 3 மூட்டை வேண்டும். அதில் பயிருக்குச் சேர்வது சுமார் ஒரு மூட்டைதான். மற்றதில் பெரும்பங்கு அமோனியாவாகக் காற்றிலும், நைட்ரேட்டாகத் தண்ணீரிலும் போய்விடுகிறது.

வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்கு எதையும் வரவு செலவாகத்தான் பார்க்க வரும். இந்த நெல் பணம் எடுப்பதில் கெட்டிக்காரன். ஆனா கணக்கில் பணம் போடுறது யாரு? புது மரபணு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தராது. மண்ணில் இருப்பதைத்தான் எடுக்கும். யூரியா போட்ட வயலில்கூட பயிர் எடுக்கும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் மண்ணின் மக்கிலிருந்தே வருகிறது. ஏக்கருக்கு 2 டன் நெல் எடுத்தால், நெல்லும் வைக்கோலுமாக 30 முதல் 40 கிலோ தழைச்சத்து வயலை விட்டு வெளியேறும். உரத்தையும் குறைத்து, மக்கும் சேர்க்காமல் இருந்தால் இருப்பு கரைந்துகொண்டேதான் போகும்.

இருப்பைக் கூட்டும் வழி நம் கையிலேயே இருக்கிறது. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும் சமயம் மடக்கி உழுதால் 25 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து சேரும். நடவுக்குப் பின் அசோலா, அறுவடைக்குப் பின் உளுந்து, வைக்கோலில் ஒரு பங்கு திரும்ப வயலுக்கே. இப்படி வருகிற சத்து மெதுவாக வெளியாவதால் கசிவும் குறைவு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மரபணு மாற்று விதை போட்டால் அங்கக சான்றிதழ் கிடையாது.

சம்பாவுக்கு நாற்று விடுவதற்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைக்கு இப்பவே சொல்லி வையுங்க. கடைசி நேரத்தில் தேடினா கிடைக்காது.