கொதிக்கும் வண்டி, கரையும் முதல்

யாழ் குடாநாட்டில் வியாபாரம் செய்யும் நம்மில் பலருக்குக் கடைக்கு அடுத்த பெரிய முதல் பழைய கெப் வண்டிதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் வழமைக்குத் திரும்பத் தொடங்கியது. இடையில் புது வண்டிக்கு வழி இல்லாமல், இருபது முப்பது வருடம் ஓடிய ஹைலக்ஸையும் எல்200ஐயும் வைத்தே காலத்தைத் தள்ளினோம். 1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, பின்னர் திரும்பி வந்து ஒரு பழைய வண்டியோடு தொழிலை மீளத் தொடங்கியவர்களையும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவருக்கு எஞ்சின் ஒன்று போவதென்றால் பல மாத உழைப்பு போவதாகும்.

எஞ்சினைக் கொல்லும் காரணங்களில் முதன்மையானது அதிக சூடு. இது சொல்லாமல் வரும் நோயல்ல. அறிகுறிகளைப் படிக்கத் தெரிந்தால் சில நூறு ரூபாயோடு முடியும் வேலை, தெரியாவிட்டால் ஹெட் கழற்றும் வேலையாகிவிடும்.

எப்போது சூடாகிறது?

கராஜுக்குப் போகுமுன் வண்டிக்காரர் தன்னையே கேட்க வேண்டிய கேள்வி இது.

சந்தை நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றுப் பக்கத்தில்தான் குறை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது ஃபேனின் கிளச் பிடிக்காமல் வெறுமனே சுற்றலாம். நிற்கும்போது நன்றாக இருந்து, பாரத்தோடு வேகமாக ஓடும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று பொருள். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கை அரித்திருக்கலாம், கீழ்க் குழாய் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகலாம். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறினால் தண்ணீர் குறைவு, மூடிய நிலையில் இறுகிய தெர்மோஸ்டாட், அல்லது ஹெட் கஸ்கட் என்று சந்தேகிக்க வேண்டும்.

நமது குடாநாடு தட்டையான நிலம். இங்கே ஓடும்வரை குறை வெளியே தெரியாமல் இருக்கும். தம்புள்ளை தாண்டி மாத்தளை, கண்டிப் பக்கம் ஏறும்போதுதான் வண்டி தன் நோயைச் சொல்லும். "ஊருக்குள் நன்றாகத்தானே ஓடுது" என்பது அத்தாட்சியாகாது.

மலிவிலிருந்து தொடங்குங்கள்

எஞ்சின் முழுமையாக ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆகாது, ஹெட் வெடித்துவிடும்.

அடுத்தது மூடி. அதை வெறும் தகடு என்று நினைக்க வேண்டாம். 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி இருந்தால் தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 118 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ரப்பர் செத்த மூடி அந்தப் பாதுகாப்பை முழுவதுமாகப் பறித்துவிடும். மூடியை மாற்றுவது ஆகக் குறைந்த செலவு.

பிறகு முள் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். சென்சரோ எர்த் வயரோ பழுதானாலும் முள் ஏறும். தொடாமலே சூடு காட்டும் கைக்கருவி இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. அதை ரேடியேட்டரின் மேல் ஓரமாக நகர்த்தினால், அடைபட்ட குழாய்கள் உள்ள இடம் மட்டும் குளிர்ந்து கிடப்பது தெரியும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சட்டியில் தண்ணீரோடு சூடாக்கினால் அதில் பொறித்த பாகையில், பெரும்பாலும் 82 அளவில், திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவது நம்மிடையே பரவலான வைத்தியம். ஆனால் சில எஞ்சின்களில் அது இல்லாதபோது பைபாஸ் வழி திறந்தபடியே இருந்து, தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். சூடு கூடவும் செய்யும். மற்றவற்றில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும்.

நமது கிணற்றுத் தண்ணீர்

இனி நம் ஊருக்கே உரிய காரணத்துக்கு வருகிறேன். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல் மேல் நிற்கிறது. நம் கிணற்று நீர் அதனூடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்க்காத வீடு இங்கே இல்லை. அதே படைதான் எஞ்சினின் தண்ணீர் வழிகளிலும் படிகிறது. கசிவுக்கு ஈடாக ஒவ்வொரு முறையும் கிணற்று நீர் விடும்போது நீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். அது சூட்டைக் கடத்தாது. கடலோரத்திலும் தீவுப் பகுதியிலும் ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளையும் தின்றுவிடுகிறது.

என் கெப் பாரத்தோடு வவுனியா போகும் வழியில், கிளிநொச்சி தாண்டி முள் ஏறத் தொடங்கியது. ஊர் திரும்பியதும் ஒரு கராஜில் உடனே "ஹெட் கஸ்கட் போய்விட்டது, கழற்ற வேண்டும்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஒயில் பால் நிறமாகவில்லை. குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்தபோது தண்ணீரில் இடைவிடாத குமிழி வரவில்லை. மேல் குழாய் உடனடியாக இறுகவும் இல்லை. இந்த மூன்றும் இல்லாதபோது ஹெட்டைக் கழற்றுவதற்கு என்ன அவசரம்? வேறோர் இடத்தில் ரேடியேட்டரைத் திறந்தோம். குழாய்களில் பாதி சுண்ணாம்பால் அடைத்திருந்தது. பழைய பித்தளை ரேடியேட்டர் என்பதால் தாங்கியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மீண்டும் ஈயம் பற்றவைக்க முடிந்தது. பிளாஸ்டிக் தாங்கி வைத்த அலுமினிய ரேடியேட்டர் என்றால் மாற்றவே வேண்டியிருந்திருக்கும்.

அதன் பின் கூலன்ட்டும், பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரும் (அசிட் அல்ல) சரிபாதி கலந்தே விடுகிறேன். மாரி காலத்தில் சுத்தமாகச் சேர்த்த மழைநீரும் அவசரத்துக்கு உதவும். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது. அது நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும்

தடைக் காலத்தில் ஒஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த மெக்கானிக்குகளின் ஊர் இது. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் "கழற்று" என்று சொல்லுமுன் "எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

பழைய வண்டி வாங்கும்போது குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண் முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பாரம் ஏற்றி ஓடிப் பாருங்கள். விற்பவரானால், கொதிக்கும் வண்டி என்பதைச் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இல்லை என்பது நாம் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தது.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் இன்னும் இரண்டு கிலோமீற்றர்தானே என்று ஓடாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சரக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினால் வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொள்ளலாம். வளைந்த ஹெட்டிடம் எதையும் சொல்லிக்கொள்ள முடியாது.