ஒரு தசையும் பிடிக்காத எலும்பு

தண்ணீருக்குள் கையை மெதுவாக விட்டால் அது வழிவிடுகிறது. அதே தண்ணீரில், மோட்டார் படகு இழுக்க, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பலகையின் முகம் போய் முட்டினால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு எதிர்த்துத் தள்ளுகிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முழு மனிதனின் பாரம்! நீர்ச்சறுக்கு வீரர் மூழ்காமல் நிற்பதும் அந்தத் தள்ளலால்தான், கால் ஒடிந்து விழுவதும் அதனால்தான். காற்றைவிட 800 மடங்கு அடர்ந்த ஒன்றின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது, ஓட்டம் ஒழுங்காகப் போகிறவரை யாருக்கும் நினைவுக்கு வராது.

இந்த விளையாட்டு பிறந்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகவே ஆகிவிடும் ஓர் இடம் அங்கே உண்டு. பெப்பின் ஏரி என்பார்கள். அதன் கரையிலுள்ள லேக் சிட்டி என்ற சிற்றூரில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞனுக்கு 1922-இல் ஒரு யோசனை: பனியில் சறுக்கலாம் என்றால் தண்ணீரில் ஏன் முடியாது? பீப்பாய்ப் பலகையைக் காலில் கட்டிப் பார்த்தான், முங்கினான். பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பார்த்தான், அதுவும் முங்கியது. கடைசியில் எட்டடி நீளப் பைன் பலகைகள் இரண்டை வாங்கி, அம்மா துணி வெளுக்கும் பாத்திரத்தின் கொதிநீரில் முனைகளை ஊறவைத்து மேல்நோக்கி வளைத்தான். ஜூலை 2-ஆம் தேதி, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பின்னால் சாய்ந்து பலகைகளின் மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபோது எழுந்து நின்றான். பாதத்தைப் பிடிக்க அவன் வைத்திருந்தது வெறும் தோல்வார். விழுந்தால் கால் தானே கழன்றுகொள்ளும்.

பிற்காலத்தில் வேகம் ஏறியது, வளைவுகள் குறுகின. தோல்வார் போதாமல் ரப்பரில் இறுக்கமான காலுறைகள் வந்தன. ஒற்றைப் பலகையில் போகிறவருக்கு முன்கால் அந்த உறைக்குள் ஆழமாகப் பொருந்தியிருக்கும். பின்கால் ஒரு வளையத்துக்குள் லேசாக நுழைந்திருக்கும். பலகையின் மூக்கு அலையில் குத்திக்கொண்டால் பின்கால் வெளியே வந்துவிடும். முன்கால் வராது. பலகை நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. முழங்காலிலிருந்து கீழிறங்கும் எலும்பு பாதத்தின் மேல் முன்நோக்கி மடிந்து, நடுவில் அகப்பட்ட எலும்பை நசுக்குகிறது. முதல் உலகப் போரில், தரையில் மோதிய விமானங்களின் ஓட்டிகளுக்கு இதே காயம் வந்தது. திசைமாற்றும் மிதிகட்டையில் அவர்கள் பாதம் ஊன்றியிருக்கும். அந்த முறிவுகளை கிரேம் ஆண்டர்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1919-இல் விவரித்து எழுதினார். இன்றுவரை எலும்பு மருத்துவப் பாடங்களில் அதற்கு விமானிகளின் பெயர்தான். ஏரிக்கரைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த எலும்பை டாக்டர்கள் டேலஸ் என்பார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்துத் தெரிகிறதே, அந்தக் குமிழ்களுக்கு நடுவே, தொட்டுப் பார்க்க முடியாத ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடவுளின் கைவேலையைப் பாடியவர்கள் கண்ணைப் பாடினார்கள், விரலைப் பாடினார்கள். இந்த எலும்பை யாரும் பாடியதாகத் தெரியவில்லை. ஆனால் நிற்கும்போதும் நடக்கும்போதும் தலை முதல் முழங்கால் வரை உள்ள அத்தனை பாரமும் இதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. நடையின் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல நாலைந்து மடங்கு இதன்மேல் அழுந்துகிறது. இவ்வளவு சுமக்கும் இதை ஒரு தசையும் பிடித்திருக்கவில்லை. ஒரு தசைநாண்கூட வந்து ஒட்டவில்லை. மேலே காலெலும்புகள், கீழே குதிகால் எலும்பு, சுற்றிலும் தசைநார்கள். இந்த இறுக்கத்திலேயே அது நிலைகொண்டிருக்கிறது. ஒரு சட்டத்தில் துளை செதுக்கி இன்னொன்றின் முனையை அதில் இறுக்கும் தச்சனின் வேலைப்பாடுதான் இது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. டேலஸின் மேல்முகடு முன்பக்கம் சற்று அகலம், பின்பக்கம் குறுகல். மேடேறும்போதும் குந்தும்போதும் பாதம் மேலே மடங்க, அகன்ற பக்கம் பள்ளத்துக்குள் வந்து இறுகிக்கொள்கிறது. பிடிப்பு எப்போது அதிகம் வேண்டுமோ அப்போது அதிகம்.

பொருத்தம் எவ்வளவு துல்லியம் என்பதை 1976-இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் அளந்து காட்டினார்கள். டேலஸ் வெளிப்பக்கமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், மேல் எலும்போடு அது தொட்டுக்கொள்ளும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடுகிறது. பாரம் அப்படியே இருக்க, தாங்கும் இடம் மட்டும் பாதியை நெருங்கிவிடும். அதனால்தான் இந்த முறிவை அறுவை செய்கிறவர்கள் ஒரு மயிரிழை விலகலையும் விடுவதில்லை.

இனி இதன் இரத்த ஓட்டம். டேலஸின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு வழுவழுப்பான குருத்தெலும்பால் மூடியிருக்கிறது. மூட்டு உராயாமல் ஓட அது வேண்டும். ஆனால் குருத்தெலும்பைத் துளைத்துக்கொண்டு இரத்தக்குழாய் நுழைய முடியாது. ஆகவே மீந்த சிறு இடங்களில், பெரும்பாலும் எலும்பின் கழுத்துப் பகுதியில், நூல் போன்ற குழாய்கள் உள்ளே புகுந்து பின்னோக்கி உடல்பகுதிக்குப் போகின்றன. முறிவு விழுவதும் பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான். படைத்தவன் இங்கே கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டான் என்று சொல்லத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. வழுவழுப்பும் வேண்டும், பாரமும் தாங்க வேண்டும், எல்லாத் திசைக்கும் மடங்கவும் வேண்டும் என்றால் இரத்தத்துக்கு விடக்கூடிய வாசல் அவ்வளவுதான்.

அறுவை மருத்துவர் துண்டுகளை இடத்தில் சேர்க்கிறார், ஸ்க்ரூ போடுகிறார், தைக்கிறார். அதற்குமேல் செய்ய அவர் கையில் அதிகம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் அம்புருவாஸ் பாரே இதை வெளிப்படையாகவே சொல்லிவந்தவர்: காயத்துக்குக் கட்டுப் போட்டது நான், ஆற்றியது கடவுள் என்பது அவர் நிலைப்பாடு. 1561-இல் குதிரை உதைத்து அவருடைய காலிலேயே இரண்டு எலும்பும் முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டிவிடுவார்கள். அவர் வெட்டாமலே பிழைத்தார், நடந்தார்.

ஆற்றுகிற வேலை முறிந்த நிமிடமே தொடங்கிவிடுகிறது. கசிந்த இரத்தம் உறைகிறது. அந்த உறைவே வேலைக்களம். முதலில் சிதிலத்தைத் தின்று துப்புரவு செய்யும் செல்கள் வருகின்றன. வீக்கமும் சூடும் அவை வந்ததன் அடையாளம். நாம் சபிக்கிற அந்த வீக்கம்தான். பிறகு புது இரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் முன்னே போக, எலும்பைக் கட்டும் செல்கள் பின்னே வந்து நிரப்புகின்றன. தோல் கிழிந்தால் தழும்பு விழுகிறது, தசை கிழிந்தாலும் தழும்பு. எலும்போ தழும்பால் ஒட்டுப்போடாமல் மறுபடி எலும்பாகவே வளர்கிறது. கருவறையில் செய்த வேலையை உடம்பு மறக்காமல் நாற்பது வயதிலும் செய்து காட்டுகிறது.

மாவுக்கட்டோடு கிடப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. கக்கத்துக் கட்டைகளை ஊன்றி ஒரு காலால் தத்திப் போக வேண்டும். அடிபட்ட காலைத் தரையில் வைக்கக் கூடாது. டேலஸ் முறிவுக்கு இந்தத் தடை இரண்டு மாதமோ மூன்று மாதமோ நீளும். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் எடுக்கும் ஓர் எக்ஸ்ரேதான் எல்லாரும் காத்திருக்கும் படம். அதில் டாக்டர் தேடுவது ஒரு கருத்த கோட்டை. டேலஸின் முகட்டுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய பட்டையாக, எலும்பு வெளுத்துத் தெரியவேண்டிய இடத்தில் நிழல் விழுந்திருந்தால் அவர் முகம் மலர்கிறது. கூட வந்தவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். எலும்பு தேய்ந்திருப்பதைப் பார்த்தா சந்தோஷப்படுகிறார்?

ஆம், அதைப் பார்த்துத்தான். ஊன்றாத எலும்பு சுண்ணாம்பை இழக்கும்; அது உயிருள்ள எலும்பின் இயல்பு. இழப்பதற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கரைக்கும் செல்கள் இரத்தத்தோடுதான் வந்து சேர வேண்டும், கரைந்ததும் இரத்தத்தோடுதான் போக வேண்டும். செத்த எலும்பு தேய்வதில்லை, படத்தில் அப்படியே வெள்ளை வெளேரென்று நிற்கும். லேலண்ட் ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1970-இல் இந்தக் கருங்கோட்டைப் பற்றி எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு செய்தியை உடம்புக்குள் எழுதி வைத்தவன் யார் என்று எண்ணும்போது எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது. நலிவின் வழியாகவே நலம் எட்டிப் பார்க்கிறது.

கோடு தெரியாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பொருளல்ல. சிலருக்குத் தாமதமாகும். சிலருக்கு எலும்பின் ஒரு பகுதி உண்மையாகவே செத்துப்போயிருக்கும். அப்போதும் பக்கத்து உயிருள்ள எலும்பிலிருந்து குழாய்கள் நுழைந்து, செத்ததை இம்மி இம்மியாகக் கரைத்துப் புதிதை இடுகின்றன. வருடக்கணக்கில் ஆகிற வேலை. அதற்குள் பாரம் தாங்காமல் முகடு இடிந்துவிட்டால் மூட்டை அசையாமல் இணைத்துவிடும் அறுவை தேவைப்படலாம். எல்லாருக்கும் எல்லாம் திரும்பக் கிடைக்கிறது என்று எழுதினால் அது பொய்.

குருத்தெலும்பின் கதை வேறு. அதற்கு இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுக்குள் ஊறும் திரவம்தான் அதற்கு ஆகாரம். மூட்டு அசைந்து அழுந்தி விடுபடும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. அசையாத மூட்டில் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். அடிபட்ட மூட்டை மாதக்கணக்கில் கட்டிப்போடுவதே சிகிச்சை என்றிருந்த காலத்தில், டொரண்டோவின் ராபர்ட் சால்ட்டர் 1970-களில் முயல்களின் மூட்டுகளை இடைவிடாமல் மெல்ல அசைத்துக்கொண்டே இருந்து, அசைந்த மூட்டுகள் நன்றாக ஆறுவதைக் காட்டினார். இப்போது தையல் ஆறியதுமே, எடை வைக்காமல், பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்கிறார்கள். வலிக்கும். கட்டைவிரலால் காற்றில் எழுத்துகளை எழுதச் சொல்லும் பிசியோதெரபிஸ்டுகளும் உண்டு. தமிழர்களுக்கு 247 இருக்கின்றன, பயிற்சிக்குப் பஞ்சமில்லை.

பிறகு தண்ணீர் வருகிறது, இந்த முறை அசையாத தண்ணீர். இடுப்பளவு நீரில் நின்றால் பாதத்துக்குத் தெரிவது உடல் எடையில் ஏறக்குறையப் பாதி. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒன்று. தரையில் ஓர் அடிகூட வைக்க அனுமதி இல்லாதவர் நீச்சல் குளத்தில் நடந்து பழகலாம். ஆழத்தோடு அழுத்தமும் கூடுவதால், 1.2 மீட்டர் ஆழத்தில் பாதத்தைச் சுற்றி 88 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். வீக்கத்துக்கு மாட்டிக்கொள்ளும் இறுக்கக் காலுறைகளைவிட அதிகம் அது. அதுவும் விரல்நுனியில் மிகுந்து மேலே வரவரக் குறைந்து, வீக்கத்தின் நீர் எந்தப் பக்கம் வடிய வேண்டுமோ அந்தப் பக்கம் தள்ளுகிறது.

எலும்பு சேர்ந்து, கெண்டைக்காலும் கொஞ்சம் தேறிய பிறகும் பலர் ஒன்று சொல்வார்கள்: கால் என்னுடையது மாதிரி இல்லை, திடீரென்று பிசகுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இராது. மைக்கேல் ஃப்ரீமன் என்ற ஆங்கில மருத்துவர் 1965-இல் இதற்கு ஒரு காரணம் சொன்னார். கணுக்காலின் தசைநார்கள் எலும்பைக் கட்டும் கயிறு மட்டுமல்ல. அவற்றில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று அவைதான் கணந்தோறும் தகவல் அனுப்புகின்றன. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது கால் தானாக இடம் கண்டுபிடிப்பது அவற்றால். நார் கிழியும்போது அவையும் அறுந்துபோகின்றன. ஃப்ரீமன் தம் நோயாளிகளை ஆடும் பலகையில் நிற்கவைத்தார். அப்படிப் பழகியவர்களுக்குப் பிசகல் குறைந்தது. இன்றைக்கு எந்த பிசியோதெரபி அறையிலும் ஒரு மூலையில் அந்தப் பலகை சாய்த்து வைத்திருக்கும். வீட்டுக்குப் போனால் ஒற்றைக்காலில் நின்று, பிறகு கண்ணையும் மூடிக்கொண்டு நிற்கச் சொல்வார்கள். முதல் நாள் யாராலும் முடியாது. சில வாரங்களில் மீந்த நரம்புகள் போனவற்றின் வேலையையும் கற்றுக்கொள்கின்றன.

உள்ளே போட்ட ஸ்க்ரூக்கள் என்ன ஆகின்றன? டைட்டானியத்தில் போடுவதை மருத்துவர்கள் பலர் விரும்புகிறார்கள், பின்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வசதி. இந்த உலோகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஸ்வீடனின் பெர்-இங்வார் ப்ரோனமார்க் 1950-களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை. எலும்பு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கணுக்காலிலும் அப்படித்தான். தொந்தரவு கொடுத்தாலொழிய யாரும் அதைத் தோண்டி எடுப்பதில்லை. அடுத்த கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோ, டாக்டர் சம்மதித்தால், பெப்பின் ஏரிக்குத் திரும்புகிறவர்கள் அந்த உலோகத்தோடேயே படகின் பின்னால் போகிறார்கள். முன்கால் உறையை மட்டும் விழும்போது கழன்றுகொள்கிற வகையாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு.