எங்கள் ஆபீசில் மூன்று கொல்லர்கள்!

ஷார்ஜாவில் நான் குப்பை கொட்டும் ஆபீசில் மொத்தம் நாற்பது பேர். அதில் மூன்று பேர் ஹத்தாத்!

அக்கவுன்ட்ஸில் ஒரு ஹத்தாத். லெபனான்காரர், கிறிஸ்தவர், மேஜையில் சின்னதாக ஒரு மாதா படம். கஸ்டம்ஸ் பிரிவில் இன்னொரு ஹத்தாத். அல்ஜீரியாக்காரர், முஸ்லிம். சிரிப்பது அரபியில், கோபப்படுவது பிரெஞ்சில். குடோனில் மூன்றாவது ஹத்தாத். ஏமன் நாட்டு ஹத்ரமவுத்காரர். தினம் ஐந்து வேளைத் தொழுகையும் ஆறு வேளை டீயும் தவறாது.

போன வருஷம் ஹத்தாத்துக்கு ஒரு சம்பள உயர்வுக் கடிதம் வந்தது. கவரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், லெபனான் ஹத்தாத்திடம். மனுஷர் சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்க பக்லாவா வாங்கிக் கொடுத்தார். நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டேன். சாயங்காலம்தான் தெரிந்தது, கடிதம் அல்ஜீரியா ஹத்தாத்துக்கு வந்தது என்று!

மன்னிப்புக் கேட்கப் போனேன். கையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, பக்லாவா எவ்வளவு ஆச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க மூணு பேரும் ஒரே குடும்பமா சார்?" என்று மெல்லக் கேட்டேன். பேச்சை மாற்ற வேண்டாமா?

சிரித்துவிட்டார். "ஹபீபி, உங்க நாட்டுல ஊருக்கு ஒரு கொல்லன் இருப்பானா மாட்டானா? எங்க பக்கமும் அப்படித்தான். ஹத்தாத்னா கொல்லன். இரும்படிக்கிறவன்!" சொல்லிக்கொண்டே ஸ்டேப்ளரை எடுத்து மேஜையில் டங் டங்கென்று ரெண்டு தட்டு தட்டிக் காட்டினார்.

அவர் தட்டியது மேஜையில். விழுந்தது என் நெஞ்சில். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் பெயரின் கதை.

ஒரு சொல்லில் ஒரு பட்டறை

அரபியில் 'ஹதீத்' என்றால் இரும்பு. திருக்குர்ஆனின் 57-வது அத்தியாயத்துக்கே அதுதான் பெயர். பாக்தாத்தில் பிறந்து, உலகமெங்கும் வளைந்து நெளிந்த கட்டடங்கள் கட்டிய ஸாஹா ஹதீத் (1950-2016) அம்மையாரின் பெயரில் இருப்பதும் இதே இரும்புதான்.

ஒரு வேலையையே பிழைப்பாகக் கொண்டவரைச் சொல்ல அரபியில் ஒரு அச்சு இருக்கிறது. நடு எழுத்தை ஓர் அழுத்து அழுத்தி, அடுத்ததை நீட்ட வேண்டும். இரும்புக்காரர் ஹத்தாத். தச்சர் நஜ்ஜார். ரொட்டி சுடுபவர் கப்பாஸ். தையற்காரர் கய்யாத். அத்தர் விற்பவர் அத்தார். கூடாரம் செய்பவர் கய்யாம்... ஆமாம், நம்ம உமர் கய்யாமேதான்! கவிஞர் என்று நாம் கொண்டாடுகிறவரின் பெயரில் ஒட்டியிருப்பது டென்ட் கொட்டாய்த் தொழில்.

இதெல்லாம் இன்றைக்கும் அரபு நாடுகளில் சர்வ சாதாரணமான குடும்பப் பெயர்கள். (பழைய சிரியாவில் ஹதத் என்று ஓர் இடி மின்னல் தெய்வம் உண்டு. இந்தப் பெயர் அதிலிருந்து வந்ததோ என்று சிலர் குழம்புவார்கள். தமிழில் எழுதினால் ரெண்டுக்கும் ஒரே 'ஹ'தான். அரபியில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு வேர்.)

ஆகவே ஹத்தாத் ஒரே தாத்தாவின் வம்சமல்ல. உலை இருந்த இடத்திலெல்லாம் தனித்தனியாக முளைத்த பெயர். இங்கிலாந்தில் ஸ்மித், ஜெர்மனியில் ஷ்மிட், ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெட்சோவ், துருக்கியில் தெமிர்ஜி, வட இந்தியாவில் லோஹார். இத்தாலியின் ஃபெராரிகூட கொல்லர் வகையறாதான். கோடி கோடியாகக் கொடுத்து கார் வாங்குகிறவர் அதன் மூக்கில் ஒட்டிக்கொண்டு போவது கொல்லர் பெயரை!

கரி இருந்த காடு

லெபனான் ஹத்தாத் சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பாலஸ்தீனத்தில் ரமல்லா என்று ஒரு நகரம். செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஜோர்டான் நதிக்குக் கிழக்கேயிருந்து ராஷித் ஹத்தாதீன் என்ற கிறிஸ்தவத் தலைவர் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு சண்டைக்குப் பயந்து குடும்பத்தோடு கிளம்பி வந்து அங்கே குடியேறினாராம். அந்த ஊரின் பழைய குடும்பங்கள் அவர் மகன்களிடமிருந்துதான் தங்கள் வம்சத்தைச் சொல்லுகின்றன. அத்தனை இடமிருக்க ஏன் அங்கே தங்கினார்? சுற்றிலும் காடு. உலைக்கு விறகும் கரியும் கிடைக்கும்! ஊர் மரபு அப்படித்தான் சொல்கிறது. ஜோர்டானில் ஹத்தாதீன் குலத்தார் இன்றும் இருக்கிறார்கள்.

"எங்க ஹத்தாத் பத்தி சொல்லலையா அவர்?" என்று அல்ஜீரியாக்காரர் சண்டைக்கு வந்தார். (சம்பளம் உயர்ந்தும் பக்லாவா வாங்கிக் கொடுக்காத ஆள்.)

அவர் பெருமைப்படுவது 1871-ஐப் பற்றி. கபீலியா மலைப்பகுதியில் ஷேக் அல்-ஹத்தாத் என்று ஒரு ஞானத் தலைவர். ரஹ்மானிய்யா சூஃபி மரபின் பெரியவர். கொல்லர் குடும்பம். பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக மொக்ரானி என்ற தலைவர் கிளப்பிய கலகத்துக்கு ஏப்ரல் 8 அன்று இவர் ஆதரவுக் குரல் கொடுத்தார். அப்போது அவருக்கு எண்பது வயது! அந்தக் குரலுக்குப் பிறகு மலை முழுக்கப் பற்றிக்கொண்டது. கலகம் நசுக்கப்பட்டது. ஷேக் 1873-ல் கான்ஸ்டன்டைன் சிறையில் இறந்தார். அவர் மகன் அஸீஸை பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவுக்கு நாடு கடத்தினார்கள். பிறகு அங்கிருந்தும் தப்பிவிட்டார்!

1882-ல் பிரெஞ்சு அரசு அல்ஜீரியர்கள் எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டது. அதுவரை பெரும்பாலும் 'இன்னார் மகன் இன்னார்' என்பதுதான் வழக்கம். கிட்டத்தட்ட நம்ம இனிஷியல் மாதிரி.

அடிக்காத கொல்லர்

மூன்றாவது ஹத்தாத் இருக்கிறாரே, ஏமன்காரர், அவர் கதைதான் வேடிக்கை.

"எங்க பரம்பரையில யாரும் இரும்பைத் தொட்டதே இல்ல!" என்றார்.

"அப்புறம் ஏன் சார் ஹத்தாத்?"

ஹத்ரமவுத்தில் தரீம் என்ற ஊர். அங்கே நபிகள் வழியில் வந்த ஒரு முன்னோர், ஒரு கொல்லர் கடையில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாராம். அதனால் ஊர்க்காரர்கள் அவரையே 'கொல்லர்' ஆக்கிவிட்டார்களாம்! (டீக்கடையில் உட்காருகிறவர்கள் ஜாக்கிரதை.) அந்த வழியில் வந்தவர்தான் இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்-ஹத்தாத் (1634-1720). சிறு வயதிலேயே அம்மை போட்டுப் பார்வை போனது. ஆனாலும் பெரும் ஞானியாக விளங்கினார். அவர் தொகுத்த 'ராத்திபுல் ஹத்தாத்' என்ற துதியை ஹத்ரமவுத் வியாபாரிகளும் ஆலிம்களும் கப்பலில் ஏறிப் போன ஊருக்கெல்லாம் கொண்டுபோனார்கள். எங்கள் ஆபீஸ் மலப்புரம்காரர், "ஹத்தாதா? எங்க வீட்ல ராத்திரி ராத்திரி ஓதுவோமே!" என்றார். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் அப்படித்தான். மலேசியாவின் ஜொகூருக்கு முஃப்தியாக இருந்த ஒருவரே அலவி பின் தாஹிர் அல்-ஹத்தாத்.

துனீசியாவுக்குப் போனால் தாஹர் ஹத்தாத் (1899-1935). தொழிற்சங்கக்காரர். பெண்களுக்கு உரிமை வேண்டும் என்று 1930-ல் புத்தகம் எழுதி, பழமைவாதிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் இறந்து இருபத்தோரு வருஷம் கழித்து, 1956-ல், பலதார மணத்தைத் தடை செய்த சட்டம் அந்த நாட்டில் வந்தது. இப்போது அவர் அங்கே முன்னோடி! அதே துனீசியாவில் யூதர்களிடமும் ஹத்தாத் உண்டு. மூன்று மதத்துக்கும் பொதுவாக ஒரே சம்மட்டி.

சம்மட்டி கப்பலேறியது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லெபனான், சிரியா பக்கமிருந்து ஆயிரமாயிரமாக ஜனங்கள் அமெரிக்காக் கண்டங்களுக்குக் கப்பலேறினார்கள். கையில் துருக்கி சாம்ராஜ்யத்தின் காகிதம் இருந்ததால் பிரேசிலில் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் 'துர்க்கோ'. துருக்கியரிடமிருந்து தப்பி வந்தவனையே துருக்கியன் என்றால் எப்படி இருக்கும்! தோளில் மூட்டை சுமந்து ஊர் ஊராகத் துணி விற்று, கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

1947-ல் அப்படி லெபனானிலிருந்து போன ஒரு துணி வியாபாரியின் மகன் ஃபெர்னாண்டோ ஹத்தாத். பிரேசிலின் கல்வி அமைச்சர், சாவோ பாவ்லோ மேயர், 2018-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார், 2023 ஜனவரியில் நிதியமைச்சரானார். அதே 2023-ல் பிரெஞ்ச் ஓப்பன் டென்னிஸ் அரையிறுதிக்கு வந்தவர் பியாட்ரிஸ் ஹத்தாத் மாயா. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதியில் ஒரு பிரேசில் பெண் ஆடியது 1968-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அமெரிக்காவுக்குப் போன சில ஹத்தாத்கள் பெயரையே மொழிபெயர்த்து 'ஸ்மித்' ஆகிவிட்டார்கள். வாயில் நுழையாத பெயரை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனிடம் எத்தனை தடவைதான் எழுத்துக்கூட்டிக் காட்டுவது?

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்மில் யாருக்கு இருக்கிறது? பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். போட்டதும் நல்லதாகப் போயிற்று. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் இந்த நாட்டில் உத்தரவு வந்தபோது, தப்பித்தவர்களில் நானும் ஒருத்தன். ஆனால் அதன் பலன், ஆபீசில் எல்லோரும் என்னைக் கூப்பிடுவது அப்பா பெயரைச் சொல்லித்தான். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்க, ஷார்ஜாவில் ஏ.சி. ரூமில் தினமும் அவர் பெயருக்குத் திட்டு விழும்.

அந்தப் பெயருக்குரியவர், ஊரில் கொல்லாசாரி.

கலப்பைக்குக் கொழு அடித்தவர். வண்டிக்குப் பட்டா போட்டவர். டிராக்டர் வந்து கலப்பை போயிற்று. டயர் வண்டி வந்து பட்டா போயிற்று. இப்போது அறுப்புக்கு முன்னால் நாலு அரிவாளுக்குக் கருக்கு வெட்டுவதோடு சரி. சின்ன வயதில் நான்தான் துருத்தி இழுப்பேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்தால் 'புஸ்... புஸ்...' என்று துருத்தி மாதிரி மூச்சு விட்டுக் காட்டுவார்கள். அன்றைக்கு முடிவு பண்ணினேன், அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் 'பிசினஸ்'. கல்லூரி ஃபாரத்தில் பிசினஸ். வேலைக்குச் சேர்ந்தபோது பிசினஸ். மாமனார் வீட்டில் மட்டும்தான் அந்தப் பருப்பு வேகவில்லை, அவரும் எங்க ஆளுக!

இங்கே மூன்று பேர் அதே சொல்லைக் கழுத்துப் பட்டையில் அச்சடித்து மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். ஒருத்தர் கொல்லரே இல்லாமல் கொல்லர் என்று பெருமைப்படுகிறார்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். ஹத்தாத் கதை முழுக்கச் சொன்னேன். ரமல்லா வந்ததும் நிறுத்தினார்.

"கரிக்காகவா அங்க குடியேறினான்?"

"ஆமாப்பா."

"என்ன மரத்துக் கரி? நம்ம பக்கம் மாதிரி வேலிக்கருவையா?"

"தெரியலப்பா."

"அதைத்தானடா முதல்ல கேட்டிருக்கணும்!" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த மூணு பேர்ல ஒருத்தனாவது இன்னும் அடிக்கிறானா?"

"இல்லப்பா."

"பாரு, அவனுக வேலைய விட்டாலும் பேரை விடல. நீ ரெண்டையும் விட்டுட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தூங்கவிடவில்லை.

மறுநாள் டீ டைமில் மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். "எங்கப்பா ஹத்தாத். நிஜ ஹத்தாத். இன்னிக்கும் பட்டறை இருக்கு." லெபனான்காரர் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அல்ஜீரியாக்காரர் அன்றைக்குத்தான் முதல் முதலாக பக்லாவா வாங்கினார். ஏமன்காரர், "அப்பா பட்டறையில ஒருநாள் வந்து சும்மா உட்கார்ந்திருக்கணும்" என்றார். பரம்பரைப் பழக்கம் விடுமா?

விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்கு உற்சாகம். "மூணு பேருக்கும் ஆளுக்கொரு அருவா அடிச்சு வைக்கிறேன், லீவுக்கு வரும்போது எடுத்துட்டுப் போ!" என்றார்.

"ஐயோ அப்பா! ஏர்போர்ட்ல என்னை உள்ள வச்சிருவான்!"

கடைசியில் மூன்று தோசைத் திருப்பி. காய்ச்சி அடித்த நாட்டு இரும்பு, பிடியில் வளையம் வைத்து. லெபனான் ஹத்தாத் அதில்தான் இப்போது ஆம்லெட் புரட்டுகிறார். போன வாரம் 'ஹத்தாத்' என்று ஒரு கவர் வந்தது. கூரியர் பையன் நேராக என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

சம்பள உயர்வா என்று ஆசையாகப் பிரித்தேன். குடோன் ஹத்தாத்தின் கரண்ட் பில்!